வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால்

நைனா,

உன் கடிதம் வந்த அன்று உன் அப்பா அதை வாசலில் நின்றே படித்துவிட்டு, பிறகு எனக்கு ஒரு தடவை, எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு தடவை, வைக்கோல் இறக்க வந்த வண்டிக்காரருக்கு ஒரு தடவை என்று சத்தமாகப் படித்துக் காட்டினார். "எம் மவன் சொந்தமா பாய்ப்படகு வாங்கப் போறான்யா" என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டவர்கள் நீ என்னவோ கப்பல் வாங்குகிறாய் என்று நினைத்திருப்பார்கள். நம் உத்திரமேரூர்த் தெருவில் ஏரியைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? சத்ராஸிலிருந்து சென்னைக்குக் கால்வாய் வழியாகச் சவுக்கு விறகு ஏற்றிப் போகிற படகு என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் எதிர்வீட்டுக்காரர் வாயை மூடினார். சந்தோஷம் எனக்கும் உண்டு. இத்தனை வருஷம் விறகுத் தொட்டியில் இன்னொருவருக்காகக் கட்டு எண்ணிக் கொடுத்த பிள்ளை, இனிமேல் தனக்காக எண்ணப் போகிறான் என்றால் எந்தத் தாய்க்கு வலிக்கும்? ஆனால் சந்தோஷம் வந்த அதே வேகத்தில் எனக்குச் சந்தேகமும் வந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் நீளமாக இருக்கும். தொட்டியில் வேலை முடிந்த பிறகு, கமலா சோறு போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து படி.

வருகிற வெள்ளிக்கிழமை படகை விற்கிற பெரியவர் வீட்டில் வெற்றிலை மாற்றி விலையை முடிக்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் பழம் தேங்காயோடு வந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பா வேட்டியை அப்போதே வெளுக்கப் போட்டுவிட்டார். நான் வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் ஓர் ஓடாவியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படகை அடி முதல் முனை வரை பார்க்கச் சொல். ஓடாவி என்றால் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு கட்டுகிற தச்சர்கள் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது. நீயோ உன் கடிதத்தில், நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ஓடாவியெல்லாம் தேவையில்லை அம்மா" என்று எழுதிவிட்டாய். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையே. கேட்காத கேள்விக்கு ஒருவன் பதில் சொன்னால் வகுப்பில் நான் முதலில் அவன் பையைத்தான் பார்ப்பேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். சந்தையில் பானை வாங்கினால் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பிறகு தண்ணீர் ஊற்றச் சொல்லி, கீழே துணி விரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். பானைக்காரம்மா என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "சி.ஐ.டி அம்மா வருது, கீறல் பானையெல்லாம் பின்னால தள்ளு" என்று தன் மகளிடம் சொல்லுவாள். எனக்கு அதில் கோபம் இல்லை. கீறல் பானை பின்னால் போய்விடுகிறதே, அதுதானே வேண்டும். உன் அப்பா இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம், "இன்னாமே, அல்லாரையும் சந்தேகப்பட்டுக்கினே இருந்தா குடித்தனம் நடக்குமா?" என்று கேட்பார். இவர் எல்லாரையும் நம்பி, நான் எல்லாரையும் சந்தேகப்பட்டு, நடுவில் எப்படியோ குடித்தனம் நடந்துவிட்டது. நீ யார் மாதிரி என்று இத்தனை நாள் யோசித்ததுண்டு. இந்தக் கடிதத்தைப் பார்த்தால் அப்பா மாதிரிதான் என்று தோன்றியது. 

உன் கடிதத்தை நான் பரீட்சைத் தாள் மாதிரி படித்தேன். பாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். காவி நிறத்தில் சாயம் ஏற்றியிருக்கிறது, காற்று பிடித்தால் வயிறு மாதிரி உப்புகிறது, தையல் கெட்டி என்று. பாய்மரம் எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கிறாய். முனையில் புதிதாகப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறார்கள், புதுத் தார் பூசிப் பளபள என்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அடிப்பலகையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது நைனா, ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் விடுகிற பனைமரத் தோணியைத் தவிர நான் எதையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் விற்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். விற்கப் போகிற மாட்டுக்குத்தான் கொம்பு சீவி வண்ணம் அடிப்பார்கள். பிள்ளைகள் இல்லை, கண் தெரியவில்லை, படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்கிற ஒரு பெரியவர், விற்கப் போகிற படகுக்கு எதற்காக மெனக்கெட்டுப் புதுத் தார் பூசுகிறார்? தாருக்கு அடியில் என்ன இருக்கிறது? அதே அளவுப் படகுக்கு மற்றவர்கள் கேட்கிற விலையில் பாதிக்கு அவர் ஏன் கொடுக்கிறார்? உன்மேல் அவ்வளவு பிரியமா? உன்னைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது அவருக்கு?

"அவரு நல்ல மனுசன்மே, மவன் மாதிரி சோறு போட்டு அனுப்பிக்கிறாரு, எழுதிக்கிறான் பாரு" என்றார் அப்பா. அந்தச் சோற்றைப் பற்றிக் கேட்டதும்தான் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நம் வீட்டுக்கு ஆயில் எஞ்சின் வந்த கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது செங்கல்பட்டில் ஹாஸ்டலில் இருந்தாய். கிணற்றுக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கலாம் என்று அப்பா ஒரு பண்ணைக்காரரைப் பிடித்துவைத்திருந்தார். ரயிலடிப் பக்கம் அவர் வீடு. நானும் போனேன். போனதும் கூடத்தில் உட்காரவைத்து நாஷ்டா, காபி, வெற்றிலைத் தட்டு எல்லாம் ஆனது. "அப்புறம் போய்ப் பார்ப்போம், இன்னா அவசரம்" என்றார். அவர் சம்சாரம் என் தலையில் பூ வைத்துவிட்டார். தட்டு கைமாறிய பிறகுதான் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். "ஒரு வாரமா இத்த தொடவே இல்ல, பாருங்க, ஒரே சுத்துல கெளம்பும்" என்றார். பச்சை வண்ணம் அடித்துப் புது மணப்பெண் மாதிரி வைத்திருந்தார்கள். அவர் ஹேண்டிலைத் தேடுகிற நேரத்தில் நான் சும்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெது என்று இருந்தது. ஒரு வாரமாகத் தொடாத எஞ்சின் எப்படிச் சூடாக இருக்கும்? நாங்கள் வருவதற்கு முன்னால் யாரோ மல்லுக்கட்டிக் கிளப்பி, ஓட்டி, சூடாக்கி நிறுத்திவைத்திருக்கிறார்கள். சூடாக இருக்கிற எஞ்சின் ஒரு சுற்றில் கிளம்பத்தானே கிளம்பும்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் நாக்கில் அவர்கள் வீட்டுக் காபி இருந்தது, தலையில் அவர்கள் வீட்டுப் பூ இருந்தது, அப்பா கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அது கிளம்பவில்லை. அதற்கப்புறம் எந்தக் காலையிலும் அது தானாகக் கிளம்பியதில்லை. அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரர்களும் வியர்க்க விறுவிறுக்கச் சுற்றுவார்கள், அது இருமும், நின்றுவிடும். அந்தப் பருவம் நம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. வயலில் நின்று அப்பா என்னைப் பார்த்து, "நீ கூட வந்தியேமே, உனக்குக்கூடத் தெரியலியா?" என்று கேட்டார். அவர் ஒன்றும் குற்றமாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரைப் படிக்கச் சொல்லப் போகிறேன், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

நம் ஆட்கள் ஏமாறுவது கண் தெரியாமல் இல்லை நைனா. கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு அவர் பொருளைப் புரட்டிப் பார்க்கக் கூச்சம், அவ்வளவுதான். விற்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் முதலில் இலையைப் போடுகிறார்கள். நீ அந்தப் பெரியவர் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டாய் என்று எழுதவில்லை. வஞ்சிர மீன் குழம்பு என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

ஓடாவியைக் கூட்டிப் போனால் பெரியவர் மனசு கஷ்டப்படும், நம்பவில்லை என்று நினைப்பார் என்கிறாய். உன் கல்யாணத்தையே எடுத்துக்கொள். தென்னேரியில் பெண் இருக்கிறது என்று சொன்ன மறுவாரமே நான் அங்கே போனேன், கோழிமுட்டை வாங்க வந்தவள் மாதிரி. ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து, அந்த வீட்டைப் பற்றி மெதுவாக இழுத்தேன். ஓர் அம்மாள், "பொண்ணு தங்கம்தான். ஆனா மூஞ்சிக்கு நேரா பேசிடும், அத்த மட்டும் பாத்துக்க" என்றாள். எனக்கு அதைக் கேட்டதும் பிடித்துவிட்டது. நான் என்னவோ பெரிய வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உன் அப்பா சொல்கிறார், வைக்கோல் வாங்க வந்தேன் என்று ஒருவர் வந்து தண்ணீர் கேட்டாராம். குடித்துவிட்டு, "இந்தத் தெருவுல வாத்தியாரம்மா வூடு எப்பிடிங்க, நல்ல மாதிரியா?" என்று கேட்டாராம். அப்பா, இது நம் வீடுதான் என்று சொல்லக்கூடத் தோன்றாமல், "அந்தம்மா கொஞ்சம் கோவக்காரங்க, மத்தபடி பேஜார் ஒண்ணும் இல்லிங்க" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். வந்தவர் கமலாவின் மாமா. கல்யாணப் பந்தியில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோமே, உனக்கு நினைவிருக்கிறதா? யாருக்கு மனசு கஷ்டப்பட்டது? இரண்டு பக்கமும் விசாரித்தார்கள், இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தார்கள். ஒரு பெண்ணை விசாரிக்கலாம், ஒரு குடும்பத்தை விசாரிக்கலாம், மரத்தையும் ஆணியையும் விசாரித்தால் அவமானமா?

அதனால் ஒரு காரியம் செய். பெரியவரிடம் போய், "ஐயா, ஓர் ஓடாவியைக் கூட்டியாரேன்" என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் பேசாதே. அவர் முகத்தைப் பார். "கூட்டியாந்து நல்லா பாரு நைனா" என்று சொன்னால் எனக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும், நான் அவரைப் பற்றி இத்தனை நேரம் நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "எம் மேல நம்பிக்க இல்லியா" என்றால் அப்போதே எழுந்து வந்துவிடு. "நம்ம ஆளே ஒருத்தர் கீறாரு, அவரே பாத்து சொல்லுவாரு" என்றால் இன்னும் சீக்கிரமாக எழுந்து வா. அவர் சொல்கிற ஓடாவி வேண்டாம், அவர் ஊர் ஓடாவியும் வேண்டாம். கோவளத்துப் பக்கம் அவரைத் தெரியாத ஒருவரைப் பார்த்துக் கூட்டி வா. கூலியைப் பெரியவர் கொடுக்கக் கூடாது, நீதான் கொடுக்க வேண்டும். படகைக் கரையில் இழுத்துப் போட்டு, உள்ளே கால் வைத்து நிற்கிற தட்டுப்பலகையைக் கழற்றி, தாரைச் சுரண்டிப் பார்க்கச் சொல். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க அதைத் தண்ணீரில் விட்டு, உள்ளே யாரும் இறங்காமல் நீயே காவல் இரு. காலையில் எவ்வளவு தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று பார்.

மரக்காணத்துக்காரர் ஒருவர் காத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை தவறினால் அவருக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். போகட்டும். அப்படி ஒருவர் நிஜமாக இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். பழைய புடவை விற்க வருகிறவன்கூட, அடுத்த தெருவில் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறான். எனக்கே படகு தெரியும், இத்தனை வருஷமாக ஏற்றி இறக்குகிறேன் என்கிறாய். தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு பஸ்ஸை வாங்கத் தெரியுமா? நீ படகின் மேலே பார்த்தவன். ஓடாவி கீழே பார்த்தவர்.

இது வரைக்கும் எழுதியது முந்தாநாள். அந்தப் பெரியவர் என் பிள்ளையை ஏமாற்றுகிறார் என்ற கோபத்தில் மடமடவென்று எழுதிவிட்டேன். ஆனால் நேற்று கமலா வந்தாள். தென்னேரியில் அவள் அக்கா குழந்தைக்குக் காது குத்துகிறார்கள், போகிற வழியில் இங்கே இறங்கினாள். அவள் கோள் சொல்ல வரவில்லை, அவளைத் திட்டாதே. நான்தான் தோண்டினேன். படகு எப்படி இருக்கிறது, அவள் போய்ப் பார்த்தாளா என்று கேட்டேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினபடியே சொன்னாள்.

"ஒரு நாளு காலீல சொல்லாம போனேன் அத்தே. உள்ள காஞ்சி சுத்தமாத்தான் இருந்திச்சி. ஆனா மூலையில தண்ணி எறைக்கிற தகர டப்பா ஒண்ணு கவுத்து வெச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தேன். சொட்டச் சொட்ட ஈரம்."

"என் பிள்ளைகிட்ட சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். மழத் தண்ணியா இருக்கும்னாரு." அவள் கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். "மழ எங்க அத்தே பேஞ்சிச்சி?"

எனக்கு உள்ளங்கை சுட்டது நைனா. அந்த எஞ்சினைத் தொட்ட அதே கை. அவர்கள் எஞ்சினைச் சூடாக்கி வைத்தார்கள், இந்தப் பெரியவர் ஒழுகுகிற தண்ணீரை இறைத்துவைக்கிறார். கமலாவை அந்த நிமிஷம் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் அன்றைக்குப் பேசாமல் வந்தேன், அவள் உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். தென்னேரிக் கரையில் அந்த அம்மாள் சொன்னது சரிதான்.

அதோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்திருப்பேன். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னாள். "ரெண்டு பேரும் சேந்து பட்டணம் போலாம், படகுலியே சோறாக்கிக்கலாம்னு கல்யாணம் ஆனதிலேருந்து சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப மொத நடைக்கு நீ வாணாம்னுட்டாரு. வெயிலு ஆவாதாம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. தன்னை வேண்டாம் என்கிறாய் என்று அவளுக்கு வருத்தம்.

எனக்கு அது வருத்தமாகப் படவில்லை. பயம் வந்தது. உச்சி வெயிலில் வயல் வயலாக நாற்று நட்ட பெண்ணுக்குப் பாய் நிழலில் உட்கார்ந்து வர வெயில் ஆகாதா? நைனா, நீயும் அந்த டப்பாவைப் பார்த்திருக்கிறாய். கமலா சொல்வதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாய். முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு கோவளத்து உப்பங்கழியைத் தாண்டும்போது காற்று திரும்பினால் என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கிறாய். யோசித்துவிட்டு அவளை இறக்கிவிட்டாய், நீ ஏறப் போகிறாய். ஓடாவி வேண்டாம் என்று நான் கேட்காமலே எழுதினாயே, அவர் வந்தால் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் வேண்டாம் என்கிறாய். அந்தப் படகின்மேல் உனக்கு அவ்வளவு ஆசை. இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தபோது அந்தப் பெரியவரைச் சந்தேகப்பட்டேன். இப்போது உன்னைத்தான் சந்தேகப்படுகிறேன்.

நீ அப்பா மாதிரி இல்லை. அப்பா ஏமாந்தால் நிஜமாகவே தெரியாமல் ஏமாறுவார். நீ என் மாதிரி, சூடு தெரிந்தும் பேசாமல் கையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற ஜாதி. ஒரு வயல் காய்ந்ததோடு என் விஷயம் போயிற்று. உனக்கு நீச்சல்கூடச் சரியாக வராது. ஏரியில் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று பிடித்து உட்காரவைத்தவள் நான்தான், அதை நினைத்தால் இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஓடாவியைக் கூட்டிப் போ. நல்லபடியாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், வெற்றிலைத் தட்டை நானே ஏந்திக்கொண்டு வருகிறேன், அந்தப் பெரியவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். முதல் நடைக்குக் கமலாவை ஏற்றிக்கொள். விறகுக் கட்டின்மேல் எனக்கும் ஓர் இடம் வை, நானும் பட்டணம் வரை வருகிறேன். எங்கள் இரண்டு பேரையும் அதில் ஏற்ற உனக்கு மனசு வரவில்லை என்றால், நீயும் ஏறாதே.

உன் அம்மா